உயிரோடு பிடித்தால் இரட்டிப்பு

ஆற்றுத்துறைக் காவலன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

“வெட்டறேன்,” என்றான் தம்பி.

“அவன் கையைத் தூக்கிட்டான்டா,” என்றாள் அக்கா.

“தெரியுது. வெட்டறேன்.”

இருபது முகப் பகடை உருண்டது. அவர்கள் ஆடியது கண்ணாடி வெட்டும் மேசையில். மேலே தடித்த கம்பளி ஒட்டியிருந்ததால் பகடை விழுந்தால் சத்தமே வராது. பதினெட்டு. வக்கீல் புத்தகத்தைத் திறக்காமலேயே ஒப்பித்தார்: “பதினேழுக்கு மேல கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. கோடாலின்னா எலும்போட போகும்.”

மிச்சத்தை அக்காதான் சொல்ல வேண்டும். கோடாலி காவலனின் தோளில் இறங்கி மார்பெலும்பில் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். அவன் வயிற்றில் காலை ஊன்றித்தான் அதைப் பிடுங்க முடிந்தது. ஒரு கை இன்னும் உயர்ந்தபடியே இருக்க, அவன் பக்கவாட்டில் தண்ணீருக்குள் சரிந்தான்.

“புள்ளி எவ்வளவு?” என்று கேட்டான் தம்பி.

“முப்பது,” என்றார் வக்கீல். “கையைத் தூக்கினாலும் தூக்காட்டாலும் அதே முப்பதுதான்.”

சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியின் மனைவி தன் தோல்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பேருந்தில் கண்டக்டராக இருப்பவள். காலை ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்திருந்தாள். அவளுக்கு இந்த ஆட்டம் புதிது.

ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டுமேசையில் கிடக்கும் கண்ணாடித் துகளைத் தூரிகையால் தள்ளிச் சுத்தம் செய்து ஆட்டத்தைத் தொடங்குவாள். அவள் கதை சொல்வாள்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள்; அவர்கள் செய்ய நினைத்தது பலித்ததா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் தீர்மானிக்கும். தம்பிக்குக் கோடாலிக்காரன். வக்கீலுக்கு வைத்தியன். வக்கீல் நீதிமன்றத்தை வெளியிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. புத்தகத்தில் எந்த விதி எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்பதால் அந்தப் பெயர். பதிலுக்கு அவர் அக்காவை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்.

தம்பி சிறையிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. தன் மனைவியின் அண்ணனுடைய தாடையை உடைத்ததற்காகப் போனவன். பணம் பற்றியோ நிலம் பற்றியோ சண்டையில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் ஏதோ கிண்டல் செய்தார், அடித்தான், அவர் விழுந்த பிறகும் அடித்தான். வெளியே வந்தவன் அக்காவின் கடையில் கண்ணாடி தூக்குகிறான், மாடியில் படுக்கிறான். மனைவியும் மகளும் இருக்கும் வீடு நாலு தெரு தள்ளி. அந்த வாசற்படியை அவன் இன்னும் மிதிக்கவில்லை.

“கையைத் தூக்கினவனை எதுக்குங்க வெட்டினீங்க?” என்று கேட்டாள் மனைவி.

தம்பிக்குக் கேள்வி புரியவில்லை. “பின்ன என்ன செய்றது?”

“விட்டுடலாம்ல?”

“விட்டா ஒண்ணும் கிடையாதே.”

வக்கீல் உதவிக்கு வந்தார். “அம்மா, புத்தகத்தைப் பாருங்க. கோடாலி, வாள், ஈட்டி, எங்க வெட்டினா எவ்வளவு ரத்தம், இதுக்கே பாதிப் புத்தகம். பேச்சுக்கு அரைப் பக்கம், அதுலயும் ஒரு படம் போட்டுட்டான். ஆட்டம் எதைப் பத்தினதுன்னு புத்தகமே சொல்லிடுது. கதவைத் திறந்தா உள்ள இருக்கறவனை வெட்டணும்னுதான் எங்களுக்குத் தோணும்.”

“ரத்தம் எடுக்கறவர் கண்ணுக்கு எல்லாரும் நரம்பாத்தான் தெரிவாங்க,” என்றாள் அவள். வக்கீல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் எதற்கு வந்தாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சில ஞாயிறுகள் வந்து உட்காருவாள், அவன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பாள், பிறகு வீட்டுக்கு வரலாமா கூடாதா என்று சொல்வாள். அக்காவிடம் அவள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்: “பாப்பா அப்பா எப்ப வருவார்னு கேக்குது அண்ணி. எனக்கு இவரைப் பார்த்தா இன்னும் அந்தச் சத்தம்தான் கேக்குது.”

ஆட்டம் முடிந்ததும் தம்பி அவள் எதிரில் போய் நின்றான்.

“என்ன செய்யணும்னு எழுதிக் குடு. அப்படியே நடக்கறேன்.”

“எழுதி எதுக்கு? சொன்னா போதாதா?”

“உள்ள எல்லாம் சுவத்துல எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு எந்திரிக்கணும், எங்க நிக்கணும், எதைத் தொடக் கூடாது. எழுதினபடி இருந்தா யாரும் நம்மளைத் தொட மாட்டாங்க. ரெண்டு வருசம் ஒருத்தன் என் மேல ஒரு புகார் சொல்லலை. கேட்டுப் பார்.” அவன் பெருமையாகத்தான் சொன்னான். “வெளியதான் ஒண்ணும் எழுதலை. எப்ப தப்பாகுதுன்னே தெரிய மாட்டேங்குது.”

அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். அவனுடைய பாத்திரத்தின் எண்களைக் குறித்திருந்த பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில், நின்றபடியே, ஓடும் பேருந்தின் குலுக்கலில் எழுதிப் பழகிய கையால் எழுதினாள்: இனி யாரையும் முதலில் அடிக்கக் கூடாது. இதன்படி இருந்தால் வீட்டுக்கு வரலாம்.

“முதலில்னு எதுக்கு?” என்று அக்கா கேட்டாள்.

“வண்டியில நானே எத்தனை பேரை அறைஞ்சிருக்கேன் அண்ணி. ரோட்ல எவனாவது மேல கைய வெச்சா வாங்கிட்டு வாங்கன்னு எப்படி எழுதறது? அதுவும் நியாயம் இல்லையே.”

நியாயம்தான் என்று அக்காவுக்கும் பட்டது. தம்பி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

அந்த வாரம் அக்காவும் ஒரு விதி எழுதினாள். புத்தகம் கோடாலியைப் பற்றியே பேசுவதால்தான் இவர்கள் கோடாலியாகவே யோசிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. கொல்வதற்குப் புள்ளி இருக்கிறது. கொல்லாமல் விடுவதற்கு இல்லை. அவ்வளவுதான் கோளாறு, ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டும் வெள்ளைத் துண்டுத்தாளில் எழுதி, போர் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினாள்: எதிரியை உயிரோடு பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தால் இரட்டிப்புப் புள்ளி.

அடுத்த ஞாயிறு மனைவியும் ஆடினாள். அவளுக்கு வேவுக்காரி பாத்திரம். முதலில் பகடையைப் பிடிக்கவே கூச்சப்பட்டவள், கொள்ளையர்கள் தங்கியிருந்த பழைய மாவு ஆலைக்குள் பின்பக்கச் சன்னல் வழியாக நுழைந்து ஒருத்தன் வாயைப் பொத்தியதும் முக்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

புதிய விதி உடனே வேலை செய்தது. தம்பி கோடாலியைத் திருப்பிப் பிடித்து மழுங்கிய பக்கத்தால் அடித்தான். “உயிரோட வேணும், உயிரோட வேணும்” என்று வக்கீலை அதட்டினான். ஆலையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், மூன்று பேர் செத்தார்கள், தலைவன் உயிரோடு அகப்பட்டான். அரைக்கும் கல்லில் அவன் முகத்தை அழுத்திப் பிடித்துக் கையைக் கட்டினார்கள். அக்காவுக்கு மனம் லேசானது.

“ஊர் எவ்வளவு தூரம்?” என்று கேட்டான் தம்பி.

“ஒரு பகல், ஒரு ராத்திரி நடை.”

“அதுல ஒரு சிக்கல் இருக்கு மாஸ்டர்,” என்றார் வக்கீல். “கைதி ஒவ்வொரு பொழுதுக்கும் ஒருதரம் தப்பிக்கப் பகடை போடலாம். ஓடிட்டான்னா நம்ம இரட்டிப்பு போச்சு.”

“காலைக் கட்டலாம்,” என்றான் தம்பி.

“கட்டினா நடக்க மாட்டான். நாம தூக்கணும். தூக்கினா வேகம் பாதி.”

மூன்று பேரும் யோசித்தார்கள். மனைவிதான் முதலில் நிமிர்ந்தாள்.

“ஆலையில கழுதை இருந்துச்சுன்னு அண்ணி சொன்னாங்கல்ல? அதுல போட்டுக் கொண்டுபோகலாம். ஆனா இறங்கி ஓடாம இருக்கணும்.” சற்று நிறுத்தினாள். “குதிகால் நரம்பை அறுத்துட்டா? உயிர் போயிடுமா?”

வக்கீல் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அவர் முகம் மலர்ந்தது. “போகாது! உயிர்ப்புள்ளி ரெண்டே ரெண்டுதான் குறையும். கட்டுப் போட்டா அதுவும் நின்னுடும். நான்தான் வைத்தியன் இருக்கேனே.”

“அடி சக்கை,” என்றான் தம்பி. மனைவியைப் பார்த்து அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அக்காவால் நினைவுகூர முடியவில்லை. அவளும் சிரித்தாள்.

“உயிரோட பிடிச்சா இரட்டிப்புன்னு போட்டது...” என்று ஆரம்பித்தாள் அக்கா.

“உயிரோடதானே இருக்கான்,” என்றார் வக்கீல்.

அவள் எழுதியது அதுதான். அருவருத்தாவது நிறுத்துவார்கள் என்று நினைத்து, எதையும் குறைக்காமல் சொன்னாள். இரண்டு பேர் அவன் தொடைமேல் உட்கார்ந்ததைச் சொன்னாள். வேவுக்காரியின் கத்தி சிறியது. ஒரே இழுப்பில் அறுபடவில்லை, முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டியிருந்தது. நரம்பு அறுந்தபோது இறுக்கிக் கட்டிய கயிறு விடுபட்டதுபோலக் கெண்டைச்சதை சுருண்டு மேலே ஏறியது. அவன் மாவுக்குள் வாயை வைத்துக் கத்தியதால் வெள்ளைப் புகை எழும்பியது. பிறகு அடுத்த கால்.

“ரெண்டா நாலா?” என்று கேட்டாள் மனைவி. அவள் கேட்டது உயிர்ப்புள்ளியை.

“ஒரு காலுக்கு ரெண்டு. மொத்தம் நாலு. தாங்குவான்.”

ஆட்டம் முடிந்து பையைத் தோளில் மாட்டும்போது மனைவி அக்காவின் கையைப் பிடித்தாள். “இன்னிக்கு நல்லா இருந்தார் அண்ணி. கோவமே வரலை பார்த்தீங்களா? எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செஞ்சார்.” வாசல்வரை போய்த் திரும்பி, “அடுத்த ஞாயித்துக்கிழமையோட சொல்லிடறேன்,” என்றாள்.

மேலே படியேறிக்கொண்டிருந்த தம்பி இதைக் கேட்டிருக்க வேண்டும். திங்களன்று தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு அவளோடு அவள் அண்ணனும் வந்தார். லாரிகளுக்கு பிரேக் பார்க்கும் மெக்கானிக். குனிந்து ஷட்டருக்குள் நுழைந்து நிமிர்ந்ததும் முதலில் தம்பியைத்தான் பார்த்தார். தாடையின் இடப்பக்கம் உள்ளே தகடு வைத்துத் திருகியிருந்ததால் அவர் வாய் ஒரு பக்கம்தான் திறக்கும். சொற்கள் மெதுவாக வரும்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்,” என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். “கேக்கலை.”

“என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?” என்றார் மச்சான். “ஏதோ விளையாடறீங்களாமே. என் தங்கச்சி ரெண்டு வாரமா அதே பேச்சு. எனக்கும் ஒரு ஆள் குடுங்க.”

“உக்காருங்க மச்சான்,” என்றான் தம்பி. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

புதிய பாத்திரம் எழுத நேரமாகும். அப்போது கதைக்குள் வேறு ஆளும் இல்லை. கழுதைமேல் கட்டிக் கிடந்த கொள்ளைத் தலைவனின் தாளை அக்கா அவரிடம் நீட்டினாள். சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் நீட்டினாள்.

மச்சான் தாளைப் படித்தார். “காலை அறுத்திருக்கீங்க.”

“ஆமா. அதனால நீங்க ஓட முடியாது,” என்றார் வக்கீல். “மத்தது எல்லாம் செய்யலாம்.”

“மத்ததுன்னா?”

“யாராவது பக்கத்துல வந்தா தாக்கலாம். கை கட்டியிருக்கு, பல்லு கட்டலை.”

“பல்லு,” என்றார் மச்சான். தகட்டின் பக்கம் தடவிக்கொண்டார். “சரிதான்.”

பயணம் தொடங்கியது. கழுதை மேட்டில் ஏறியது. கைதி பேச ஆரம்பித்தான். அது கைதியின் குரல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“ஏம்ப்பா கோடாலி, கட்டிப் போட்டவனை அடிச்சுத்தான் பழக்கமா? நின்னுக்கிட்டு இருக்கறவனை அடிச்சது உண்டா? சாப்பிட உக்காந்தவனைத்தான் அடிப்பியா?”

தம்பி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கைதி பேசறதுக்கு விதி ஏதாவது இருக்கா?” என்று வக்கீலைக் கேட்டான்.

“பேச்சுக்கு ஒண்ணும் இல்லை.”

“அப்ப பேசட்டும்.”

மனைவியின் தோள் தளர்ந்தது. அவள் அண்ணனைப் பார்த்து, போதும் என்பதுபோலத் தலையசைத்தாள். தன் வேவுக்காரி கைதிக்குத் தண்ணீர் கொடுப்பதாகச் சொன்னாள்.

“நீ வேண்டாம்,” என்றார் மச்சான். “மாப்பிள்ளை குடுக்கட்டும்.”

“குடுக்கறேன்,” என்றான் தம்பி. “குனிஞ்சு வாயில ஊத்தறேன்.”

“கடிக்கறேன்.”

மச்சான் பகடையை எடுத்தார். ஆட்டம் தெரியாதவர், உள்ளங்கையில் வைத்து மேசையில் அறைந்தார். பத்தொன்பது. வக்கீல் தயங்கித் தயங்கி வாசித்தார்: “முகம். சதை பிய்ஞ்சு வரும்.”

கோடாலிக்காரனின் கன்னம் கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம்வரை கிழிந்து கைதியின் வாயில் தொங்கியதை அக்கா சொன்னாள். பற்கள் வெளியே தெரிந்தன. ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியே வழிந்தது. மச்சான் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒரு பக்கச் சிரிப்பு.

“என் முறை,” என்றான் தம்பி. அவன் குரல் உயரவில்லை. “முதல்ல அவர்தான் கடிச்சார். அப்படித்தானே?”

“அப்படித்தான்,” என்றார் வக்கீல்.

“கையை வெட்டினா உயிர் போகுமா?”

“மணிக்கட்டுன்னா போகாது. நான் சுட்டுக் கட்டிடுவேன்.”

“போதும்டா, தண்ணி குடுத்தாச்சு, நடங்க,” என்றாள் அக்கா.

“இரு அக்கா. விதிப்படிதான் செய்றேன்.” பகடையை உருட்டினான். பதினான்கு. “வலது கை.” அடுத்த முறை வந்தது. பதினாறு. “இடது கை.” பகடை ஒவ்வொரு தரமும் சத்தமில்லாமல் விழுந்தது. மச்சானின் தாளில் இருந்த எண்களை வக்கீல் ஒவ்வொன்றாக அடித்துக் குறைத்துக்கொண்டே வந்தார். “இனி கடிக்காம இருக்கறதுக்கு என்ன செய்யலாம்? தாடையை ஒடைச்சா உயிர் போகுமா?”

தம்பி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்துத் தேடினான். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளர் கேட்ட அளவைத் தேடுவதுபோலத் தேடிக்கொண்டிருந்தான்.

“இருக்கு. மூணு புள்ளிதான். உயிரோடதான் இருப்பார்.”

மச்சான் எழுந்து மேசைக்கு மேலே எட்டி அவன் வாயில் குத்தினார்.

தம்பியின் தலை பின்னால் போய் வந்தது. கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. ரத்தம் மோவாய் வழியே பாத்திரத் தாளில் சொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வேண்டிய எண் விழுந்தவனின் முகம் அது.

“பார்த்தேல்ல?” என்றான். “எல்லாரும் பார்த்தீங்கல்ல?”

“ஐயோ, வேண்டாங்க...”

அவன் மேசையைச் சுற்றிப் போனான். ஓடவில்லை. முதல் குத்து தகடு இருந்த பக்கம் விழுந்தது. ஈரமான மரம் முறிவதுபோல ஒரு சத்தம். மச்சான் சட்டங்களுக்குள் நிறுத்தியிருந்த கண்ணாடிகள்மேல் சாய்ந்தார். இரண்டாவது குத்தில் அவர் வாய் திறந்து உள்ளிருந்து பல்லும் ரத்தமும் வந்தன. அதே இடத்தில் மூன்றாவது. வக்கீல் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிப் பிடித்தார்; தம்பி அவரைத் தோளில் சுமந்துகொண்டே அடித்தான். சட்டத்திலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று நழுவி, மச்சானின் முதுகுக்குப் பின்னால் நின்று, யோசிப்பதுபோல ஒரு கணம் ஆடி, நொறுங்கியது. அவர் அதன்மேல் உட்கார்ந்தார். உள்ளங்கைகளை ஊன்றி எழப் பார்த்தார், கைகள் வழுக்கின. தம்பி முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான், அடிக்கச் சௌகரியமாக.

அக்கா வெட்டுமேசைமேல் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அவன் முழங்கையில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கை மரத்துப்போய்த் தொங்கிய பிறகுதான் அவன் முடியை விட்டான்.

“நான் முதல்ல அடிக்கலை,” என்றான் மூச்சிரைக்க.

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. வக்கீல் மச்சானின் தலையை முன்னால் சாய்த்துப் பிடித்திருந்தார். “முழுங்காதீங்க அண்ணே, துப்புங்க, துப்புங்க. பேசாதீங்க.” மனைவி தன் சீருடைத் துப்பட்டாவைக் கழற்றி அண்ணனின் தாடையைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது அவள் விரல்கள் தவறவில்லை. தாடை அவள் கைக்குள் இரண்டு துண்டாக அசைந்தது.

தம்பி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். “நீ எழுதினதுதான். இங்க பார். நான் காத்திருந்தேன். அவர் அத்தனை பேசினார், நான் தொடலை. குத்தினதுக்கப்புறம்தான். இதுல என்ன தப்பு? எத்தனை தரம்னு நீ எழுதலை. படி.”

அவள் படித்தாள். தன் கையெழுத்தையே முழுக்கப் படித்தாள். முகத்தில் ரத்தம் தெறித்திருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“எழுதினது நான்தான் அண்ணி. அவர் சொல்றது சரி. இதுப்படி பார்த்தா வீட்டுக்கு வரலாம்.” குரல் அப்போதுதான் உடைந்தது. “நீங்கதானே இங்க தீர்ப்புச் சொல்றவங்க. நீங்க சொல்லுங்க. வரட்டுமா?”

தம்பியும் திரும்பினான். அவன் கண்ணில் சந்தேகமே இல்லை. சிறைக்குப் பார்க்கப்போன ஒவ்வொரு தடவையும் அக்கா அவனிடம் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாள்: உன்னை உன் வீட்டில் கொண்டுபோய் விடாமல் எனக்குத் தூக்கம் கிடையாது.

“வரக் கூடாது,” என்றாள் அக்கா.

“என்ன?” என்றான் தம்பி.

“அந்த வீட்டுக்கு நீ போகக் கூடாது. அந்தத் தெருவுக்கே போகக் கூடாது.”

“எந்த விதிப்படி?”

“எந்த விதியும் இல்லை. நான் சொல்றேன்.”

அவன் எழுந்தான். நல்ல கை இன்னும் மூடியே இருந்தது. அக்கா ஸ்கேலைப் பிடித்திருந்தாள். இந்தத் தடவை அவன் திருப்பி அடித்தால் அது போதாது என்று அவளுக்குத் தெரியும். நகரவில்லை. வக்கீல் ஷட்டரைத் தூக்கினார். வெயில் தரையில் கிடந்த துண்டுகள்மேல் விழுந்து கூரையெங்கும் சிதறியது. மனைவியும் வக்கீலும் மச்சானைக் கைத்தாங்கலாக வெளியே நடத்திப்போய் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். வண்டிக்காரர், “இருக்கையில ரத்தம் படாம பார்த்துக்கங்க,” என்பது கேட்டது. மனைவி அவரை என்னவோ திட்டினாள், பேருந்தில் திட்டுவதுபோல. வண்டி போய்விட்டது.

அக்கா ஷட்டரை முழுதாக இறக்கி உள்ளே பூட்டினாள். விளக்கைப் போட்டாள். தம்பி முக்காலியில் உட்கார்ந்து வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிரல் முட்டி வீங்கிக் கறுத்து, அதில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சில்லு என்று நினைத்து அருகில் விளக்கைக் கொண்டுவந்தாள். மச்சானின் பல். பாதி உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு எலும்புவரை இறங்கியிருந்தது.

“ஆடாம இரு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்குச் சொல்லுவாங்க. எப்படியும் அவங்க அங்க போய்ச் சொல்லத்தான் போறாங்க.”

“சொல்லட்டும். முதல்ல அடிச்சது அவர். சாட்சி இருக்கு.”

அவள் கண்ணாடியின் விளிம்பை முறிக்கும் குறடை எடுத்து, அதன் தட்டையான மூக்கை ஸ்பிரிட்டில் துடைத்தாள். அவன் கையைத் தன் முழங்காலுக்கிடையில் வைத்து அழுத்தினாள். குறடு பல்லைக் கவ்வியபோது அவன் உடம்பு முழுதும் ஒருமுறை துள்ளியது.

“அக்கா,” என்றான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவனின் குரல். “அவ என்ன எழுதியிருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேன்?”

அவள் யோசித்தாள். ஒவ்வொரு வரியாக மனதில் எழுதிப் பார்த்தாள். எப்போதும் அடிக்கக் கூடாது. கையால் தொடக் கூடாது. யாரையும் நோகடிக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் அவன் விரலை வைத்துத் தேடுவது தெரிந்தது.

“பல்லைக் கடிச்சுக்கோ,” என்று சொல்லி இழுத்தாள்.